மாதச் சந்தா ‘டயட்’ மதிய உணவு: பெட்டிக்குள் இருப்பதும் பில்லில் இருப்பதும்

பெங்களூரில் தோமலூர், இந்திரா நகர், கோரமங்களா போன்ற அலுவலகப் பகுதிகளில் நண்பகல் வேளையில் ஸ்கூட்டர்களில் வந்திறங்கும் சாப்பாட்டுப் பெட்டிகளில் கணிசமானவை இப்போது ‘டயட்’ பெட்டிகள். மாதத்திற்கு 22 வேளை உணவுக்கு முன்பணம் கட்டிவிட்டால், வேலைநாள்தோறும் பன்னிரண்டரை மணிக்குள் ஒரு பெட்டி மேசைக்கு வந்துவிடும். அதன் மூடியில் கலோரியும் புரதமும் அச்சிட்டிருக்கும். அப்படியொரு சேவையில் ஒரு மாதச் சந்தா கட்டிச் சாப்பிட்ட பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வியாபாரத்தில் இருப்பவர்களின் விலையும் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் பேச விரும்புவதும் ஒரு சமையற்கூடத்தைப் பற்றி மட்டும் அல்ல.

விலை: ஒரு பெட்டி 189 ரூபாய். ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 198 ரூபாய். 22 பெட்டிகளுக்கு மொத்தம் 4,366 ரூபாய். இந்தத் தொகை பெரிதா சிறிதா என்பது அவரவர் சம்பளத்தைப் பொறுத்தது என்றாலும், ஓர் அளவுகோல் கைவசம் இருக்கிறது. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியர் ஒருவர் உணவு, வாடகை, துணி, போக்குவரத்து, மருந்து எல்லாம் சேர்த்து மாதத்திற்குச் செலவிடும் சராசரித் தொகை 6,996 ரூபாய். அதில் அறுபது விழுக்காட்டுக்கும் மேலானதை, வாரத்தில் ஐந்து நாட்களின் ஒருவேளை உணவுக்காக மட்டும் நான் கொடுத்திருக்கிறேன்.

உணவு எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினைச் சோறும் கொள்ளுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் வரும் நாள்தான் இந்தப் பட்டியலின் சிறந்த நாள். கொள்ளு நன்றாக வெந்து, பூண்டும் சீரகமும் தூக்கலாக, ஊர்ப்பக்கத்துச் சமையலின் கையோடு இருந்தது. அவித்த முட்டையும் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும் வரும் நாளும் குறை சொல்ல முடியாதது. பனீரும் வாட்டிய காய்களும் சுமார் ரகம். குடைமிளகாயும் பிராக்கோலியும் பெட்டி வந்து சேர்வதற்குள் நீர்விட்டுத் தளர்ந்துவிடுகின்றன. கினோவா சாலட்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆண்டீஸ் மலைப்பகுதியின் தானியத்தை, வரகும் சாமையும் விளையும் ஊர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதிக விலைக்கு உண்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. பெட்டி நல்ல தரமான கறுப்பு பிளாஸ்டிக். கழுவி வைத்துக்கொள்ளலாம் என்பதால் எங்கள் வீட்டுச் சமையலறையில் அது இப்போது அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. ஒருநாள் சாப்பிட நேரமில்லாமல் பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அம்மா திறந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இருநூறு ரூபா? சோறே இல்லையேப்பா” என்றார். இந்தத் தொழிலின் பொருளாதாரத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. சோறு இல்லாமல் இருப்பதுதான் இங்கே விற்பனைப் பொருள்.

மூடியில் உள்ள எண்களுக்கு வருகிறேன். பனீர் பெட்டியின் மேல் 430 கலோரி, 25 கிராம் புரதம் என்று அச்சிட்டிருந்தார்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டிப் பார்த்ததில், புரதக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. கலோரி மட்டும் 520ஐத் தாண்டியது. வித்தியாசம் முழுவதும் காய்களின் மேல் ஊற்றியிருந்த எள்ளும் பூண்டும் கலந்த எண்ணெய்ச் சாறில் இருந்தது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே 120 கலோரி ஏறிவிடும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, அச்சிட்ட எண் சாறு சேர்க்காமல் கணக்கிட்டது என்று பணிவாகப் பதில் வந்தது. சாறு சேர்க்காமல் அந்தப் பெட்டியை அவர்கள் அனுப்புவதே இல்லை என்பது வேறு விஷயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்படி, பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டிய கட்டாயம் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்களுக்கும்தான் உண்டு. ஒற்றைச் சமையற்கூடம் வைத்து நடத்தும் சேவைகளின் மூடியில் காணப்படும் எண் அவர்களாக விரும்பி அச்சிடுவது; அந்த அளவுக்கே அதை நம்ப வேண்டும்.

தினைப் பெட்டியின் மேல் ‘எடை குறைய உதவும் சிறுதானியம்’ என்று ஒரு வில்லையும் ஒட்டியிருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால், தினையைப் போலவே சிறுதானியமான கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 320 கலோரியும், தீட்டிய பச்சரிசியில் சுமார் 356 கலோரியும் இருக்கின்றன. நார்ச்சத்தில் கேழ்வரகு பதினொரு கிராம், அரிசி மூன்றுக்கும் குறைவு; சுண்ணாம்புச் சத்திலோ ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கேழ்வரகு முன்னால் நிற்கிறது. ஆக, சிறுதானியம் சத்தில் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கலோரியில் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். இந்தப் பெட்டியில் எடையைக் குறைக்க உதவுவது தினை அல்ல, தினையின் அளவு. வேகவைக்கும் முன் அறுபது கிராமைத் தாண்டாத சோறு, எந்தத் தானியத்தில் ஆக்கினாலும் குறைவான சோறுதான்.

இந்த இடத்தில் காசுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை ஆராயும் பொருளியலாளர்கள், கிலோ விலையை விட்டுவிட்டு, நூறு கலோரிக்கு என்ன விலை என்று பார்ப்பது வழக்கம். அல்சூரில் எங்கள் தெருக்கடை விலையை வைத்து நானும் அப்படிக் கணக்கிட்டேன். கிலோ 45 ரூபாய்ச் சர்க்கரையில் நூறு கலோரியின் விலை ஒரு ரூபாய் பத்துக் காசு. 60 ரூபாய் அரிசியில் ஒரு ரூபாய் எழுபது காசு; 150 ரூபாய் எண்ணெயிலும் ஏறத்தாழ அதே விலை. துவரம் பருப்புக்கு வந்தால் நான்கு ரூபாயைத் தாண்டுகிறது. முட்டையில் பத்து ரூபாய். தக்காளி மலிவாக இருக்கும் நாளிலும் பதினைந்து ரூபாய். கிலோ 80 ரூபாய் பீன்ஸில் முப்பது ரூபாய்க்கும் மேல். வயிறு நிரம்ப வேண்டும், கையில் உள்ள காசு போதவும் வேண்டும் என்ற நிலையில் உள்ள எவரும், யாரும் சொல்லித் தராமலேயே, இந்த வரிசையின் முதல் மூன்றை நோக்கித்தான் நகர்வார்கள். பன், பஜ்ஜி, பூரி, இனிப்புத் தேநீர் எல்லாம் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தவை. அதனால்தான் அவை மலிவு. பெங்களூரில் தர்ஷினி என்று அழைக்கப்படும், நின்றபடி சாப்பிடும் சிற்றுணவகத்தில் 60 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு தட்டு ரைஸ் பாத், ஏறத்தாழ 450 கலோரி என்று வைத்துக்கொண்டால், நூறு கலோரிக்குப் பதின்மூன்று ரூபாய். நான் வாங்கிய டயட் பெட்டியோ, மூடியில் உள்ள எண்ணின்படி 46 ரூபாய்.

எடையைக் குறைக்க விரும்புகிறவர் கலோரிக்குக் காசு கணக்கிடுவது பொருந்தாது என்று யாரேனும் சொல்லலாம், அது நியாயமும்கூட. புரதத்தை வைத்துப் பார்ப்போம். பெட்டியில் ஒரு கிராம் புரதத்தின் விலை எட்டு ரூபாய். கடையில் வாங்கும் பனீரில் அது இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல், முட்டையில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல், துவரம் பருப்பில் எழுபது காசுக்கும் கீழ். பெட்டிக்குள் இருக்கும் பொருட்களை நானே வாங்கி, கேஸும் மசாலாவும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, முட்டை வைத்த பெட்டி ஐம்பத்தைந்து ரூபாய்க்குள் அடங்கியது. மீதி நூற்று நாற்பது சொச்சம் ரூபாய் எதற்கு?

நேரத்துக்கு. டேவிட் கட்லர், எட்வர்ட் கிளேசர், ஜெஸ்ஸி ஷாபிரோ என்ற மூன்று பொருளியலாளர்கள், அமெரிக்கர்கள் ஏன் பருத்தார்கள் என்பதை ஆராய்ந்து 2003இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: உணவின் விலையில் பொருளின் விலை மட்டும் இல்லை, அதை ஆக்கும் நேரமும் இருக்கிறது. உருளைக்கிழங்கு அங்கே எப்போதுமே மலிவுதான். ஆனாலும் தோல் சீவி, நறுக்கி, எண்ணெயில் பொரிக்கும் வேலைக்கு அஞ்சி மக்கள் அதைப் பெரும்பாலும் அவித்தும் சுட்டும் மசித்தும் சாப்பிட்டு வந்தார்கள். அந்த வேலையைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டு உறையவைத்த வறுவலாக விற்கத் தொடங்கிய பிறகு, வறுவல்தான் அந்நாட்டின் முதன்மையான உருளைக்கிழங்கு உணவாயிற்று. பெங்களூரில் இந்தக் கதை இன்னும் வேகமாக நடக்கிறது. பத்து நிமிடத்தில் சிப்ஸ் பொட்டலத்தை வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்கள், பொருளின் விலையைக் குறைத்ததைவிட, எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு கடைக்குப் போகும் விலையைத்தான் அதிகம் குறைத்திருக்கின்றன. தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பச் செலவில் பானங்களும் பதப்படுத்திய உணவும் சேர்ந்து சுமார் 11 விழுக்காடு. உணவு வகைகளிலேயே மிகப் பெரிய பங்கு அதுதான்.

டயட் பெட்டி செய்வது இதன் மறுபக்கம். நறுக்கும் வேலையும் ஆக்கும் வேலையும் அதிகமாகத் தேவைப்படுகிற காய்கறி உணவுக்கு, வறுவலுக்குக் கிடைத்த அதே வசதியை அது செய்து தருகிறது. எனவே இதை வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை, உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பதில் இருக்கிறது. மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கி இருநூறு மணி நேரம் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரம் 250 ரூபாய். தனக்கு மட்டும் ஒரு பெட்டி கட்டிக்கொள்ள நாற்பது நிமிடம் ஆகும் என்றால், நேரமும் பொருளும் சேர்ந்து இருநூற்று இருபது ரூபாய் ஆகிறது. 198 ரூபாய்ப் பெட்டி அவருக்கு மலிவு. பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையில் 26 நாள் நின்று 18,000 ரூபாய் வாங்கும் காவலாளிக்கு ஒரு மணி நேரம் 58 ரூபாய். அதே உணவை அவர் தொண்ணூற்றைந்து ரூபாய்க்குள் ஆக்கிவிடலாம். ஆனால் அந்த நாற்பது நிமிடம் அவரிடம் இருக்கிறதா என்பதைக் கணக்கு சொல்லாது. அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதலில் சொன்னபடி ஆளுக்கு நாள்தோறும் நானூறு கிராம் காயும் நூறு கிராம் பழமும் சாப்பிட்டால், ஆள் ஒன்றுக்கு முப்பது ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,600 ரூபாய். அவருடைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். பீன்ஸுக்கு ரேஷன் இல்லை. அந்த வழிகாட்டுதல், தானியத்திலிருந்து வரும் கலோரி 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மலிவான கலோரி தானியத்தில்தான் இருக்கும்போது, பலருக்கு இது அறிவுரை என்பதைவிட விலைப்பட்டியல் என்றே சொல்ல வேண்டும்.

பணக்கார நாடுகளில் உடல்பருமன் ஏழைகளிடம் அதிகம். நம் நாட்டில் இன்னும் வசதி கூடக்கூட அது கூடுகிறது என்பதைத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இருந்தாலும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். 2015-16க்கும் 2019-21க்கும் இடையில், அதிக எடையோ பருமனோ உள்ள பெண்களின் விகிதம் கர்நாடகத்தில் 23.3 விழுக்காட்டிலிருந்து 30.1 ஆகவும், தமிழ்நாட்டில் 30.9இலிருந்து 40.4 ஆகவும் உயர்ந்தது. இந்த வேகத்தில் உயரும் ஒன்று பணக்காரர்களோடு நின்றுவிடாது.

பெட்டி பசியாற்றுகிறதா? கொள்ளு நாளிலும் சுண்டல் நாளிலும் ஆற்றியது. கினோவா நாளில் ஆற்றவில்லை. நான்கு மணிக்கு அலுவலகத்துக்குக் கீழே உள்ள ஐயங்கார் பேக்கரியில் கார பன்னும், ‘காங்கிரஸ் கடலை’ எனப்படும் மசாலா வேர்க்கடலையும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே முப்பது நாற்பது ரூபாய் செலவானால், மதியம் இருநூறு ரூபாய் கொடுத்துக் குறைத்த கலோரி முழுவதும் திரும்பி வந்துவிடும். இது என்னுடைய மன உறுதி தொடர்பான விஷயம் மட்டும் அல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளர் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில், இருபது பேருக்கு இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும், வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முன்னதில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டு எடை கூடினார்கள், பின்னதில் குறைந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: நாளுக்கு 2,000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கான பொருட்களின் செலவு, மிகைப் பதப்படுத்திய உணவுக்கு 106 டாலர், பதப்படுத்தாததற்கு 151 டாலர். நல்ல உணவு விலை கூடியது, ஆனால் அதைக் குறைவாக உண்டாலே நிறைந்துவிடுகிறது. அந்த வகையில், பெட்டியை எடைபோட வேண்டிய அளவுகோல் கலோரி எண் அல்ல, மாலை வரை தாங்குகிறதா என்பதே.

சந்தாவின் விதிகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொன்னால் மறுநாள் பெட்டியை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தியவை 45 நாட்களுக்குள் தீராவிட்டால் காலாவதியாகிவிடும், பணம் திரும்ப வராது. அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று பிரியாணி வரும் நாட்களையும், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களையும் கணக்கில் எடுத்தால், பெட்டி ஒன்றின் உண்மை விலை 198இல் நிற்பதில்லை. உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களைப் பற்றி அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. பத்து டாலர் கொடுத்து ஒவ்வொரு முறையும் போயிருக்கக் கூடியவர்கள், மாதக் கட்டணம் கட்டிவிட்டுச் சரியாகப் போகாததால், ஒரு முறைக்குப் பதினேழு டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள் என்று அது காட்டியது. மாதச் சந்தா என்பது வருங்காலத்து நம்மைப் பற்றி இன்றைய நாம் வைத்திருக்கும் நல்லெண்ணத்தின் மேல் நடக்கும் வியாபாரம்.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். அங்கே அடுப்பு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வாடகையில் சேர்ந்து வரும் சாப்பாட்டில் சோறும் சப்பாத்தியும் தாராளம், காய் பெயருக்கு. அவர்களுக்கு இந்தப் பெட்டிதான் நாளின் ஒரே காய்கறி. வீட்டில் எப்படியும் சமையல் நடக்கும் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது வீண் செலவு. நால்வருக்கு ஆக்கும் பொரியலை ஐவருக்கு ஆக்க நாற்பது நிமிடம் ஆகாது, பத்து நிமிடம்தான் கூடும். அந்தப் பத்து நிமிடத்தை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் நேர்மையாகப் பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் காய் நறுக்குவது இப்போது என் வேலை. லால்பாக்கில் தலைமையகம் கொண்ட ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் கடையிலோ, சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டிலோ வாரத்துக்கு ஒருமுறை வாங்கி வைத்தால் மேலே சொன்ன பொருள் விலை இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மாதச் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. அதே நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் திட்டம் ஒன்று இருக்கிறது. பெட்டிக்கு 219 ரூபாய் என்றாலும், நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், காலாவதி கிடையாது. சேர்பவர்கள் கொள்ளு நாளையும் முட்டை நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டரின் குறிப்பில் சாற்றைத் தனியே தரும்படி எழுதினால் சிறு கிண்ணத்தில் மூடித் தருகிறார்கள், பாதியை ஊற்றினாலே சுவைக்குப் போதுமானது.